பெங்களூர்ப் புதரில் "டக்", ஸ்காட்லாந்துத் தீவில் கூட்டம்: இரண்டும் ஒரே குருவியா?

கேள்வி, ஓசூர் வாசகர் ஒருவரிடமிருந்து

குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டு மருதாணிப் புதரில் "டக்... டக்" என்று கத்திக்கொண்டிருந்த பிளைத் நாணல் கதிர்க்குருவி ஏப்ரலோடு காணாமல் போய்விட்டது. வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஃபேர் ஐல் என்ற தீவில் மே கடைசியில் இதே குருவி தலைகாட்டினால் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்களாம். நம் வீட்டுக் குருவிக்கு அங்கே என்ன வேலை? வழி தவறிப் போனதா? தவறிப்போனால் பிழைக்குமா? நீங்கள் அந்தப் பக்கம் போயிருப்பதாக எப்போதோ எழுதிய ஞாபகம்.

மே 23, இரவு

போயிருக்கிறேன். அபர்தீனில் எண்ணெய்க் கம்பெனி வேலையில் இருந்த காலம், ஒரு மே மாதக் கடைசி. சுருக்கமாகச் சொன்னால் இனம் ஒன்றுதான். உங்கள் மருதாணிப் புதரில் இருந்த அதே குருவியா என்று கேட்டால், காலில் அடையாள வளையம் போட்டு அனுப்பினீர்களா என்று திருப்பிக் கேட்பேன்.

வழி தவறியதா என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனமில்லை. "தவறி வந்தது" என்று சொன்னால் அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு அதில்தான் சண்டை. மீதி நாளைக்கு.

மே 24, காலை

உலகப் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்க்னி தீவுகளுக்கும் ஷெட்லாந்து தீவுகளுக்கும் நடுவே ஒரு புள்ளி. நீளம் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அகலம் அதில் பாதி. ஐம்பது, அறுபது பேர் வாழும் இடம். மரம் என்று சொல்லிக்கொள்ளக்கூடியது அநேகமாக இல்லை. ஆடு, கல் சுவர், செங்குத்துப் பாறை, காற்று. ஸ்வெட்டர் பின்னலுக்குப் பெயர் போன ஊர் என்பதால் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

இப்போது அதே அட்சரேகையில் விரலை வைத்துக் கிழக்கே நகருங்கள். நார்வே, ஸ்வீடன், அப்புறம் பின்லாந்து. ஹெல்சிங்கியும் ஃபேர் ஐலும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, அறுபது டிகிரி வடக்கு. பிளைத் கதிர்க்குருவி கூடு கட்டும் இடங்கள் பின்லாந்திலிருந்து கிழக்கே ரஷ்யா, சைபீரியா வரை நீள்கின்றன. குளிர்காலத்துக்கு எல்லாம் இந்தியத் துணைக்கண்டத்தையும் அதை ஒட்டிய பகுதிகளையும் நாடி வந்துவிடும். பெங்களூரிலிருந்து ஹெல்சிங்கிக்கு நேர்கோட்டிலேயே 6,500 கிலோமீட்டருக்கு மேல். குருவியின் எடை பத்துப் பன்னிரண்டு கிராம்.

ஆக, பின்லாந்தில் இறங்க வேண்டியது இன்னும் 1,400 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே போய் இறங்கியிருக்கிறது. திசையைக் கோட்டை விட்டதா, நிறுத்தத்தைத் தாண்டிவிட்டதா? இரண்டும் வேறு வேறு விஷயம்.

மே 24, மதியம்

மேலே எழுதியதோடு ஒன்று. இந்தக் குருவி பின்லாந்தில் ஆதிகாலம் தொட்டு இருந்ததல்ல. கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிப் பரவி, 20ஆம் நூற்றாண்டில்தான் அங்கே காலூன்றியது. பரவுவது இன்னும் நிற்கவில்லை. ஆனால் குளிர்காலத்துக்கு மட்டும் பழைய பாதைதான். பின்லாந்திலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகலாமே என்று நமக்குத் தோன்றும். அதே பின்லாந்துப் புதரில் கூடு கட்டும் இதன் உறவுக்காரன் சதுப்புக் கதிர்க்குருவி அப்படித்தான், தென்கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. பக்கத்துப் பக்கத்துக் கிளை, ஒன்றுக்குக் குளிர்காலம் ஜாம்பியா பக்கம், இன்னொன்றுக்கு ஓசூர்.

தாத்தா எந்த வழியாக வந்தாரோ அந்த வழியாகத்தான் பேரனும் ஊருக்குப் போவான் போலிருக்கிறது. மேற்கே பரவப் பரவ இந்தியாவுக்கு வரும் தூரம்தான் கூடுகிறது. இப்படிப் பரவிக்கொண்டிருக்கும் இனத்தில் முன்னால் ஓடும் சில பறவைகள் எல்லையைத் தாண்டி எங்கோ போய் விழத்தான் செய்யும். அதனால்தான் "வழி தவறியது" என்ற ஒற்றைச் சொல்லில் எனக்கு நிறைவில்லை. பிரிட்டனில் முன்பெல்லாம் இது மிக அரிது. முதல் பதிவே ஃபேர் ஐலில் 1910 செப்டம்பரில்தான். இப்போது அடிக்கடி வரத் தொடங்கியதால், ஒவ்வொரு பதிவையும் குழு வைத்து ஆராயும் அரிய பறவைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

மே 24, இரவு

கோரமங்களாவிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "அப்படியென்றால் காற்றுக்குப் பங்கே இல்லையா அண்ணா?"

இருக்கிறது தம்பி, நிறையவே. மதியம் எழுதியதைப் படித்தால் குருவி எல்லாமே புது நாடு தேடிப் புறப்பட்ட மாதிரி தெரிகிறது, அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். ஸ்காண்டிநேவியா மேல் உயர் அழுத்தம் உட்கார்ந்தால் வட கடலில் தென்கிழக்குக் காற்று வீசும். இரவில் தெளிந்த வானம் பார்த்துக் கிளம்பிய பறவைகள் காற்றோடு மேற்கே தள்ளப்படும். நடுக்கடலில் மூடுபனியோ மழையோ குறுக்கிட்டால் முதலில் தென்படும் நிலத்தில் இறங்கிவிடும். அந்த நிலம்தான் ஃபேர் ஐல். காற்று மேற்கிலிருந்து அடித்து வானமும் தெளிவாக இருந்தால் ஒன்றும் வராது. பறவைக்கு நல்ல வானிலை, பறவை பார்க்கப் போனவனுக்குக் கெட்ட வானிலை.

மே 25

பிழைக்குமா என்ற கேள்வியைப் பாக்கி வைத்துவிட்டேன். சில செத்துப்போகும், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் மே மாதத்தில் தீவில் இறங்குபவை பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் இரை பிடித்துவிட்டு, வானம் தெளிந்ததும் கிளம்பிவிடுகின்றன. வளையமிட்டவை மறுபடி வலையில் சிக்கும்போது எடை கூடியிருப்பதும் உண்டு. அந்தத் தீவில் செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே கடல் உள்ளே நுழைந்த குறுகிய பிளவுகள் இருக்கின்றன, ஊர்க்காரர்கள் "கியோ" என்பார்கள். அடியில் அழுகிய கடற்பாசி, அதில் மொய்க்கும் ஈக்கள். காற்றும் அங்கே எட்டிப்பார்க்காது. களைத்து வந்த பூச்சி தின்னிக்கு அது அன்னச் சத்திரம்.

மே 26

நேரில் பார்த்ததை எழுதச் சொல்லி இரண்டு பேர் நச்சரிக்கிறார்கள்.

அபர்தீனிலிருந்து ராத்திரி ஃபெர்ரி, காலையில் லெர்விக். அங்கிருந்து தீவுக்குப் போக இரண்டு வழி. குட் ஷெப்பர்ட் என்ற சின்னப் படகு, இல்லையென்றால் எட்டுப் பேர் உட்காரும் விமானம். படகில் போனவர்கள் முகத்தைப் பார்த்தபின் நான் விமானத்துக்கு மாறினேன். அதிலும் ஒரு வேடிக்கை: மூடுபனி வந்தால் விமானம் நின்றுவிடும், மூடுபனி வந்தால்தான் பறவை இறங்கும். பறவை இருக்கும் நாளில் நீங்கள் லெர்விக்கில், நீங்கள் தீவில் இருக்கும் நாளில் பறவை பின்லாந்தில்.

தங்கியது பறவைக் கண்காணிப்பகத்தில், பழைய கட்டடம். அது 2019 மார்ச்சில் தீப்பற்றி முழுக்க எரிந்துபோனது. செய்தி பார்த்தபோது அந்தச் சாப்பாட்டு அறைதான் கண்ணில் வந்தது.

போய் இறங்கியதும் மேற்குக் காற்று. வந்த பறவை எதுவும் இல்லை. பஃபின் இருந்தது, ஃபுல்மார் இருந்தது, தலையைக் குறிவைத்துப் பாயும் ஸ்கூவா இருந்தது. வேறு யாராவது அவ்வளவு கடற்பறவைகளைப் பார்த்திருந்தால் ஆயுசுக்கும் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் கல் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். மே கடைசியில் சூரியன் இரவு பத்து மணிவாக்கில்தான் விழுகிறது, விடிகாலை நான்கு மணிக்கே எழுந்துவிடுகிறது. பறவையே இல்லாத நாளுக்கு அது ரொம்ப நீளம்.

அப்புறம் ஒரு ராத்திரி காற்று தென்கிழக்குக்குத் திரும்பியது. காலையில் எதிரில் இருக்கும் ஆடு தெரியாத அளவுக்கு மூடுபனி, கூடவே தூறல். சுவர் ஓரமெல்லாம் உயிர் வந்துவிட்டது. செம்முதுகுக் கீச்சான் கம்பி வேலியில் நனைந்து உட்கார்ந்திருந்தது. ஒரு சிவப்பில்லாத ரோஸ்ஃபின்ச், சிட்டுக்குருவியைவிட அழகில்லாதது, அதற்கே நாலு பேர் மண்டி போட்டார்கள். ரோஸ்ஃபின்ச்சும் நம் பக்கம் குளிர்காலம் கழிப்பதுதான், ஐரோப்பாவில் கூடு கட்டும் பறவைகள் உட்பட. நார்வேயில் கூடு கட்டும் நீலகண்டப் பறவைகள் சிலவும் அப்படித்தான், வெளிச்சத்தைப் பதிந்து பறவை போன இடத்தைக் கணிக்க உதவும் ஒளிமானிக் கருவியை அவற்றின் உடலில் கட்டி அனுப்பிப் பார்த்துவிட்டார்கள். நம் ஏரிக்கரை நாணலில் ஜனவரியில் பார்க்கும் கூட்டத்தில் பாதி, மே மாதம் அந்தச் சுவர் ஓரத்தில் அறிமுகமில்லாதவர்களைப் போல நிற்கிறது.

மத்தியானம் தெற்குப் பக்கத்திலிருந்து ஒருவர் ஓடி வந்தார். சுவரடியில் ஒரு பழுப்புக் குருவி. ஐரோப்பாவின் நாணல் கதிர்க்குருவியா, சதுப்புக் கதிர்க்குருவியா, நம் பிளைத்தா? மூன்றும் பழுப்பு. முழங்கை நீள லென்ஸ்களோடு எல்லாரும் புல்லில் படுத்துக்கொண்டார்கள். இங்கே இலை மறைவைவிட்டு வெளியே வராத குருவி அங்கே மரம் இல்லாததால் தரையில், கல்லிடுக்கில், எலி ஓடுகிற மாதிரி ஓடியது. அந்தக் கோலத்தில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஒரே ஒரு தரம் "டக்" என்றது.

பிளைத் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே.

பக்கத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார்: சதுப்புக் கதிர்க்குருவியும் டக் என்னும். காது சாட்சி செல்லாது. கடைசியில் ஒரு பொறிக்குள் ஓட்டி, பிடித்து, இறகு அளந்தார்கள். சிறகின் வெளி இறகுகள் எந்த இடத்தில் குறுகுகின்றன, எந்த இறகு எதைவிட எத்தனை மில்லிமீட்டர் நீளம் என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துத்தான் பிளைத் என்று எழுதினார்கள். காலில் வளையம். விட்டதும் புல்லுக்குள் போய்விட்டது.

மே 26, பின்னிரவு

ஒன்றை விட்டுவிட்டேன், அதுதான் முக்கியம்.

தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பின் "லாக்" என்று ஒரு சடங்கு. பொறுப்பாளர் ஒரு பட்டியலை எடுத்துப் பறவைப் பெயர்களை வரிசையாக வாசிப்பார். யார் எத்தனை பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். வானம்பாடி, எண்ணிக்கை. தகைவிலான், எண்ணிக்கை. பார்க்காதவற்றின் பெயரைச் சொல்லும்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அதுவும் பதிவாகும். தீவைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வலசைப் பருவத்தில் தினமும் நடந்து எண்ணுகிறார்கள். கண்காணிப்பகம் 1948இல் தொடங்கியதிலிருந்து இதுதான் முறை.

அன்றிரவு பிளைத் பெயர் வாசிக்கப்பட்டதும் ஒன்று என்றார்கள், கைதட்டினார்கள். எனக்கு ஊர்ப்பாசம் பொங்கிவிட்டது. பெங்களூரில் எங்கள் தெருவிலேயே இது நிறைய இருக்கும், கறிவேப்பிலைச் செடியில் உட்காரும் என்று அளந்தேன். ஒரு வயதான அம்மா, ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து கேட்டார்: உங்கள் தெருவைவிட்டு எந்தத் தேதியில் கிளம்புகிறது?

ஏப்ரல் என்றேன். ஏப்ரலில் எப்போது? அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை.

மே 27

சிவாஜிநகர் பாய் எழுதுகிறார்: "உங்கள் கதையில் பறவையைவிட நீங்கள்தான் வழி தவறியவர்."

ஒப்புக்கொள்கிறேன் பாய். எனக்கு வளையம் போடாமல் விட்டுவிட்டார்கள்.

மே 29

ஒருவர் காட்டமாகவே கேட்டிருக்கிறார். ஒற்றைக் குருவிக்காக இத்தனை பேர் விமானம் ஏறிப் போவது பணக்கார விளையாட்டு, இதில் அறிவியல் எங்கே வந்தது என்று.

பாதிக்கு உடன்படுகிறேன். அரிய பறவையைத் துரத்தி ஊர் ஊராக ஓடுவதில் பெரிய அறிவியல் கிடையாது. ஓடி வந்தவர்கள் அந்த ஒன்றைப் பார்த்துவிட்டு அடுத்த விமானத்தில் போய்விடுவார்கள். ஆனால் அந்தப் பறவை கண்ணில் பட்டதே, யாரோ ஒருவர் அன்றைக்கும் அதற்கு முந்தைய வெறும் நாட்களிலும் சுவர் ஓரம் நடந்ததால்தான். அவருக்குத் தகைவிலானும் கணக்கு, பிளைத்தும் கணக்கு, ஒன்றும் வராததும் கணக்கு. மே கடைசியில் இந்த இனத்தின் எண்ணிக்கை கூடிக்கொண்டு வருகிறது என்று இன்று சொல்ல முடிவது அந்த நடையால். அரிதைப் பார்க்கப் போகிறவர் வேறு ஆள், தினமும் எண்ணுகிறவர் வேறு ஆள். தீவில் இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிடுவதால் நமக்குக் குழப்பம்.

இந்த இடத்தைத் தொடங்கிய ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் கிரீட் தீவில் பிடிபட்டு, ஜெர்மன் கைதிகள் முகாமில் அடைபட்டிருந்தபோது உட்கார்ந்து ஃபேர் ஐல் கண்காணிப்பகத்துக்குத் திட்டம் போட்டவர். உடம்பு சரியில்லாமல் 1943இல் விடுதலையாகிக் கப்பலில் திரும்பும்போது அவர் கண்ணில் பட்ட முதல் ஸ்காட்லாந்து நிலம் அந்தத் தீவுதான் என்பார்கள். போர் முடிந்ததும் தீவையே விலைக்கு வாங்கிவிட்டார். பிறகு 1954இல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளைக்குக் கொடுத்தார்.

மே 30

மே கடைசி ஏன், ஏப்ரல் ஏன் இல்லை என்று ஒருவர் கேட்டிருந்தார், மறந்துவிட்டேன். வடக்கே இலை விட்டுப் புழு பூச்சி பெருகுவதே மே நடுவுக்கு மேல். புதருக்குள் பூச்சி பொறுக்கும் பறவை அதற்கு முன்னால் போய் என்ன செய்யும்? தென்னிந்தியாவிலிருந்து கிளம்பும் தூரமும் சேர்ந்துகொள்கிறது. அதனால் தீவுக்கு வரும் வசந்தக் கூட்டத்தில் நம் பக்கத்துப் பறவைகள்தான் கடைசிப் பந்தி.

ஜூன் 1

அந்த ஸ்வெட்டர் அம்மாவின் கேள்வி ஊர் திரும்பிய பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது. இங்கே யோசித்துப் பாருங்கள். செப்டம்பரில் முதல் வாலாட்டி வந்தால் நம் குழுக்களில் படம் பறக்கிறது. "வந்துவிட்டது!" என்று பத்துப் பேர் எழுதுகிறோம். போன தேதி? யாரும் எழுதுவதில்லை. எழுதுவதும் லேசில்லை. வருவது கண்ணுக்குத் தெரியும் நிகழ்ச்சி. போவது அப்படியல்ல, கடைசியாகப் பார்த்த அன்றைக்கு அது கடைசி என்று தெரியாது. அதற்குப் பிறகும் சில நாள் தேடி, இல்லை என்று எழுதினால்தான் முந்தைய தேதிக்கு அர்த்தம்.

இத்தனைக்கும் வலசைப் பறவைகள் வரும் தேதி, போகும் தேதியைப் பொதுமக்களிடமிருந்து சேகரிக்க 2007இல் மைக்ரன்ட்வாட்ச் என்ற திட்டம் தொடங்கியதே இந்தப் பெங்களூரில்தான், தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில். இப்போது எல்லாம் இபேர்டு என்ற இணையதளத்தில் பறவை பார்ப்பவர்கள் ஏற்றும் பட்டியல்களோடு கலந்துவிட்டது. கருவி கையில் இருக்கிறது, மார்ச் மாதம் வெயில் ஏறியதும் நாம்தான் பைனாகுலரைப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். லால்பாகில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நடக்கும் பறவை நடைக்கு டிசம்பரில் வரும் கூட்டத்தையும் மே மாதக் கூட்டத்தையும் பாருங்கள், புரியும்.

நம்மூர்ப் பறவை என்று சொந்தம் கொண்டாடுகிறோம். மரமே இல்லாத ஒரு தீவில் இருப்பவர்களுக்கு அதன் வசந்தம் தேதி வாரியாகத் தெரிகிறது, எட்டு மாதம் வீட்டில் வைத்திருந்த நமக்குத் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது என்று பெரிய வார்த்தை எல்லாம் சொல்ல மாட்டேன், எரிச்சலாக இருந்தது.

ஜூன் 1, சற்று நேரம் கழித்து

எட்டு மாதம் என்றது பொதுவாகச் சொன்னது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் வந்து ஏப்ரலில் கிளம்பும், சில மே தொடக்கம் வரை தங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு ஓர் அறிகுறி உண்டு. மார்ச் கடைசியிலிருந்து "டக்" குறைந்து, புதருக்குள் முணுமுணுப்பு கேட்கும். கிட்டப் போய்க் காதைக் கொடுத்தால் அது பாட்டு, வாயைத் திறக்காமல் ஒத்திகை பார்க்கிறது. வடக்கே போய் ராத்திரி முழுக்க உரக்கப் பாடும், மற்ற பறவைகளின் குரலையெல்லாம் எடுத்துக் கோத்துப் பாடும் கில்லாடி அது. அதைக் கேட்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஜூன் 2

"ஒரே குருவி ஒரே புதருக்குத் திரும்புமா?" என்று ஓசூர் நண்பர்.

பிளைத்தைப் பற்றி அடித்துச் சொல்ல என்னிடம் விவரம் இல்லை. ஆனால் இதன் உறவு ஒன்றைப் பற்றி நம் பக்கத்திலேயே நல்ல வேலை நடந்திருக்கிறது. திருநெல்வேலிக்கு மேற்கே முண்டந்துறைக் காட்டில் மதுசூதன் கட்டி பச்சைக் கதிர்க்குருவிகளை ஆராய்ந்தார். குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு குருவியும் தனக்கென்று எல்லை பிடித்து, கத்திக் கத்திக் காவல் காக்கிறது. விருந்தாளி மாதிரி வந்து போகிற ஆட்டமில்லை அது. பச்சைக் கதிர்க்குருவியும் மே கடைசியில் ஃபேர் ஐல் பக்கம் எட்டிப் பார்க்கும் ஆசாமிதான். உங்கள் மருதாணியில் கேட்ட "டக்" உங்களைப் பார்த்துச் சொன்னதில்லை, பக்கத்து வீட்டுக் குருவிக்குச் சொன்னது.

ஜூன் 3

எங்கள் அபார்ட்மென்ட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். சுற்றுச்சுவர் ஓரம் பழைய வேலிச்செடி, உள்ளே லன்டானா, கொஞ்சம் எருக்கு. பார்க்க அசிங்கம்தான். ஒரு பிப்ரவரியில் சங்கத்துக்காரர்கள் எல்லாவற்றையும் வெட்டி வழித்துப் புல் விரித்துவிட்டார்கள். பாம்பு வருமாம். அத்தோடு அந்த மூலையில் "டக்" நின்றுபோனது. ஏப்ரலில் போக வேண்டியது பிப்ரவரியிலேயே போய்விட்டது என்று எழுதுவதா? அதை வலசை என்பதா, காலி செய்யச் சொன்னதா?

கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். "சார், பறவைக்குத்தான் மரம் இருக்கிறதே" என்றார் ஒருவர். மரம் இருக்கிறது. இதற்கு வேண்டியது இடுப்பளவுப் புதர். அது இந்த ஊரில் எந்தத் தோட்டக்காரருக்கும் பிடிக்காத உயரம்.

ஜூன் 5

தீவும் பறவையும் என்றால் ஃபேர் ஐல் முதலில்லை. வட கடலில் ஜெர்மனிக்கு எதிரே ஹெல்கோலாந்து. ஹைன்ரிக் கெட்கே என்ற ஓவியர் 1837இல் படம் வரையப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். அரை நூற்றாண்டு பறவைக் குறிப்பு எழுதினார். அப்போது அது பிரிட்டிஷ் வசம், 1890இல்தான் ஜெர்மனிக்குக் கைமாறியது. தீவுவாசிகளுக்கு வலசைப் பறவை என்றால் சாப்பாடு, அவர்கள் பிடித்துக் கொண்டுவந்ததையெல்லாம் இவர் பார்த்து எழுதினார். 1910இல் ஆய்வு நிலையம் வந்தது. புதரைச் சுற்றிக் கம்பி வலையால் அகலமாகத் தொடங்கிப் போகப்போகக் குறுகிக் கடைசியில் ஒரு பெட்டியில் முடியும் பொறி அங்கே உருவானதுதான். இன்றும் ஹெல்கோலாந்துப் பொறி என்றே பெயர். நான் பார்த்த குருவியை ஓட்டியதும் அப்படி ஒன்றுக்குள்தான்.

அதே தீவை 1947இல் பிரிட்டிஷ்காரர்கள் ஆயிரக்கணக்கான டன் வெடிமருந்து வைத்துத் தகர்க்கப் பார்த்தார்கள். தீவு தப்பித்தது. பறவைகள் தேதி மாற்றாமல் வந்துகொண்டிருந்தன என்று எழுதக் கை துறுதுறுக்கிறது, ஆனால் அந்த வருஷம் அங்கே நின்று எண்ணியது யார்?

ஜூன் 6

நம்மிடம் ஃபேர் ஐல் இல்லையா என்கிறார் எலகங்காக்காரர். இருக்கிறதே, கோடியக்கரை. தீவு இல்லை, முனை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பல காலம் வளையமிட்டிருக்கிறது. லட்சத்தீவில் கவரத்திப் பக்கம் பிட்டி என்ற மணல்திட்டு, ஆலாக்கள் கூடு கட்டும் இடம், ஆள் கிடையாது. ஆனால் மே மாதம் அங்கே போய் உட்கார்ந்து எண்ணுவதற்குள் கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிடும். ஸ்காட்லாந்து மேற்குக் காற்றைக் குறை சொன்னவனுக்குத் தென்மேற்குப் பருவக்காற்றைக் குறை சொல்லத் தைரியமில்லை.

ஜூன் 8

சுடலைக் குயில் பார்த்ததாக இரண்டு பேர். நல்லது. வட இந்தியாவுக்குப் பருவமழையோடு ஆப்பிரிக்காவிலிருந்து வருவது அதுதான். ஆனால் தெற்கே ஊரோடு இருப்பதும் உண்டு என்பதால் பெங்களூரில் பார்த்த ஒன்றை வைத்து மழையை அறிவித்துவிடாதீர்கள். இங்கே மழை மே மாதமே கொட்டிவிட்டது, குயிலுக்குக் காத்திருக்கவில்லை.

ஜூன் 10

ஓசூர் நண்பர் அடுத்த மார்ச்சிலிருந்து மருதாணிப் புதரைத் தினமும் எண்ணப் போகிறாராம். பூஜ்ஜியத்தையும் எழுத வேண்டுமா என்று கேட்கிறார். கட்டாயம். ஏப்ரல் கடைசியில் வரும் பூஜ்ஜியங்கள்தான் எனக்கு வேண்டும். ஒரே இடம், காலையில் ஒரே நேரம், பத்து நிமிஷம் போதும். மே 15 வரையாவது விடாதீர்கள். ஊருக்குப் போனால் அந்த நாளைக் காலியாக விடுங்கள், பூஜ்ஜியம் போடாதீர்கள், போகாத நாளும் பார்க்காத நாளும் ஒன்றில்லை. சத்தத்தை மட்டும் நம்பி எழுதினால் தையல்சிட்டு ஏமாற்றும், தீவுக்காரர்கள் அளவுக்கு ஸ்கேல் எடுக்க வேண்டாம், கண்ணால் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். அப்புறம் பட்டியல் முழுசாக இருக்கட்டும். மைனா, புறா, காக்கை எல்லாவற்றையும் எழுதுங்கள்.